முதல் மடக்கு அவருக்கு

என் மாடிக்கு வந்த முதல் விருந்தாளி இராஜாக்கமங்கலம் சந்திப்பில் இறங்கிக் கரும்புச்சாறு வாங்கினார். தம்ளர் உதட்டுக்குப் போவதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து அதைப் பிடுங்கியது. பிடுங்கிய கார் டிரைவர் சாற்றை ஒரே மூச்சில் தானே குடித்து முடித்து, தோளில் கிடந்த தோர்த்தால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நோ சார். ஐஸ் பேட்" என்றார். ஆறடி உயர வெளிநாட்டுக்காரர் வெறுங்கையோடு நின்றார். வழிகாட்டிக் கூட்டிப் போக வந்திருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் விருந்தாளி வீட்டுப் படி ஏறும் முன்பே இப்படி ஓர் அவமானமா என்று பற்றிக்கொண்டு வந்தது.

தம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சிதான் மாடி வீட்டுக்காரியா? ராத்திரிக்கு இவருக்கு என்ன குடுக்கப் போற?"

"நெய்மீன் வாங்கி வச்சிருக்கேன்."

"மீன நீ தின்னு. இவருக்குக் கஞ்சி குடு. ஆளு இங்க வந்தாச்சு, வயிறு இன்னும் ஆகாசத்துலதான் நிக்கும். அது பைய இறங்கி வரட்டும்."

அப்படித்தான் அவர் எனக்கு அறிமுகமானார். திருவனந்தபுரத்துச் சுற்றுலாக் கம்பெனி ஒன்றுக்குக் கார் ஓட்டினார். விமானத்தில் வந்து இறங்குபவர்களை ஏற்றிக்கொண்டு தெற்கே வருவார். என் கணவர் அப்போது மஸ்கட்டில் இருந்தார். நான் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுத்துக்கொண்டு, சும்மா கிடந்த மாடி அறைகள் இரண்டையும் ஹோம்ஸ்டே ஆக்கியிருந்தேன். ஐந்தாறு வருஷம் என் மாடியில் தங்கியவர்களில் முக்கால்வாசிப் பேரைக் கொண்டுவந்து விட்டவர் அவர்தான். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் மனைவி போனில் கூப்பிட்டுச் சண்டை பிடிப்பார்.

குள்ளமான ஆள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில், வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புச் சர்க்கரைப் பொடி எட்டிப் பார்க்கும். கார் டிக்கியில் விருந்தாளிகளின் பெட்டிக்கு இடம் இருக்கிறதோ இல்லையோ, சோப்பு, தொப்பிகள், கொசுக் களிம்பு, குடை, வெந்நீர் பாட்டில்கள் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும். அந்தத் தொப்பிகளைப் பார்த்த ஒரு பிரெஞ்சுக்காரி, இவர் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகிறவரா என்று என்னிடம் கேட்டாள். ஒரு விதத்தில் அப்படித்தான் என்றேன்.

எதையும் விருந்தாளி வாயில் வைப்பதற்கு முன் அவர் முதல் மடக்கு குடிப்பார், முதல் வாய் தின்பார். இளநீரா, அவர் ஒரு மடக்கு. இட்லியா, அவர் ஒரு விள்ளல். எச்சிலாகாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வார், அந்த மரியாதை உண்டு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் நிற்பார். அவருடைய வயிறு உள்ளேயிருந்து ஏதோ தகவல் சொல்லும் போல. விருந்தாளிகள் கையில் தட்டோடு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். தலையை ஆட்டினால் சாப்பிடலாம். பெரும்பாலும் ஆட்ட மாட்டார்.

ஒருநாள் கேலியாகக் கேட்டேன்: "அண்ணே, உங்களுக்குக் கல்லத் தின்னாலும் கரைக்கிற வயிறு. உங்களுக்கு ஒத்துக்கிட்டா அவங்களுக்கும் ஒத்துக்குமா?"

அவர் யோசித்தார். "எனக்கே ஒத்துக்கலன்னா அவங்களுக்கு எப்படி ஒத்துக்கும்? அத மட்டுமாவது கண்டுபிடிக்கலாம்லா?"



அவரை இன்னும் கெடுத்தது ஒரு சிறு புத்தகம். கெடுத்தவள் நான் என்றும் சொல்லலாம். யாரோ காரில் விட்டுப்போன கையேடு அது. வெப்பமான நாடுகளுக்குப் பயணம் போகிறவர்கள் நோய்நொடி இல்லாமல் திரும்பி வருவது எப்படி என்று விவரமாக எழுதியிருந்தார்கள். "வாசிச்சு அர்த்தம் சொல்லு மக்கா" என்று கொண்டுவந்தார். சாயங்காலம் டியூஷன் பிள்ளைகள் போன பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். குழாய்த் தண்ணீர் குடிக்காதே. கொதித்து ஆறிய தண்ணீரைக் குடி. ஐஸ் வேண்டாம். தோலை உரித்துத் தின்கிற பழம் போதும். பச்சைக் காய் வேண்டாம். நாயை, குரங்கைத் தொடாதே. வெறுங்காலோடு நடக்காதே. அந்தி நேரத்தில் கையையும் காலையும் மூடிக்கொள்.

பாதி வாசிக்கும்போதே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் பிறந்து, ஓடியாடி, பல் விழுந்து முளைத்து, பிள்ளை பெற்ற ஊர் இன்னொருத்தர் புத்தகத்தில் ஆபத்துப் பட்டியலாகக் கிடக்கிறது. எங்கள் கிணறு, எங்கள் நாய், எங்கள் மாலைக்காற்று, எல்லாம் அதில் இருந்தன. அவருக்கும் முகம் சுருங்கித்தான் போயிற்று.

"இம்புட்டுப் பயந்துட்டா நம்ம ஊருக்கு வாறாங்க?"

"பயமா இருந்தாலும் பார்க்கணும்னு வாறாங்கண்ணே."

அவர் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அப்புறம், "அப்போ பயத்த நாம வாங்கி வச்சுக்கிட்டா, அவங்க பார்க்கிறத மட்டும் பார்ப்பாங்கல்லா?" என்றார்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. பயணிகளுக்குக் கிருமியைவிடப் பெரிய ஆபத்து அங்குள்ள சாலையும் வண்டியோட்டமும் என்று. அதைச் சொல்லாமல் தாண்டிவிடப் பார்த்தேன். விடவில்லை. கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். "கொசுவ விட நான் மோசமா?" மறுநாளிலிருந்து அவர் கார் நாற்பதைத் தாண்டவில்லை. பின் இருக்கையில் இருப்பவர் பெல்ட் போடாமல் சாவியைத் திருப்ப மாட்டார். நாகர்கோவிலுக்குப் போகிற பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போகும். "போகட்டும், போகட்டும், அவனுவ வீட்டுல அடுப்பு எரியுது போல" என்பார்.

அந்திக்கு ஐந்தரை மணி ஆனதும் என் மாடிக்கு ஏறி ஜன்னல்களை அடைப்பார். சூரியன் கடலில் விழுவதைப் பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் கொசு மட்டையோடு வந்து நின்று, "மஸ்கிட்டோ டைம்!" என்று அறிவிப்பார். ஒரு கிழத் தம்பதி மட்டும், சூரியன் போகும்வரை இருக்கிறோம் என்று கெஞ்சினார்கள். சரி என்று விட்டுவிட்டு, அவர்களைச் சுற்றிச் சுற்றி மட்டையை வீசிக்கொண்டே நடந்தார். படபடவென்று பொறி பறந்தது. சூரியனைப் பார்த்தார்களோ என்னவோ, அவரைப் பார்த்து இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

எல்லோரும் சிரிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வட்டக்கோட்டைக்குப் போனபோது ஓர் இளம்பெண் அங்கே சுற்றிக்கொண்டிருந்த நாய்க்குட்டியைத் தூக்கிக் கொஞ்சினாள். குட்டி விளையாட்டாகப் புறங்கையில் பல்லைப் பதித்தது. பெரிய காயமில்லை, ஒரு கீறல்தான், ரத்தம் பொட்டு வைத்தது போல நின்றது. அவ்வளவுதான், கோட்டையும் வேண்டாம் கடலும் வேண்டாம் என்று அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார். சோப்பைப் போட்டுக் கையைக் குழாய்க்குக் கீழே பிடிக்கச் சொல்லி, வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு நிமிஷத்தில் கையை எடுத்தாள். மறுபடியும் பிடிக்க வைத்தார். முழுசாகப் பதினைந்து நிமிஷம். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி, ஊசி. அந்தப் பெண் அன்று சாயங்காலம் என்னிடம் பொரிந்து தள்ளினாள். நான் ஊர் பார்க்க வந்தேனா, இவருக்குக் கைக்குழந்தையாக இருக்க வந்தேனா என்று கேட்டாள். அதை நான் அப்படியே அவரிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு அவர் மனைவி சொன்னார். ஆனால் அடுத்த ஊசி எந்தத் தேதியில், எந்த ஊரில் போட வேண்டும் என்று ஒரு தாளில் என்னை எழுதவைத்து, அந்தப் பெண்ணின் பாஸ்போர்ட்டுக்குள் அவரே வைத்துக் கொடுத்தார்.

"உங்களுக்கு எதுக்குண்ணே இந்தப் பாடு? கம்பெனி இத எல்லாம் கேக்குதா?" என்று நான் கேட்டதுண்டு.

"ஒரு ஆளு வீட்ட விட்டு வந்தா, அங்க இன்னொரு ஆளு வாசலப் பாத்துட்டு இருக்கும்லா? வந்த மாதிரியே போகணும் மக்கா. அம்புட்டுதான்" என்பார். வேறு காரணம் ஏதும் சொன்னதில்லை. இருந்ததா என்றும் எனக்குத் தெரியாது.

அந்த அம்மாள் வந்தது வைகாசிக் கடைசியில். மழை தொடங்கியிருந்தது. அறுபத்தைந்து வயதிருக்கும். ஒல்லியாக, வெள்ளைத் தலையோடு, எப்போதும் மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசுவார். அவருடைய கொள்ளுத்தாத்தா மிஷன் காலத்தில் இந்தப் பக்கம் ஊழியம் செய்தவராம். அந்தக் கொள்ளுத்தாத்தாவின் இரண்டு பிள்ளைகள் இங்கே இறந்து, பழைய வேதக்கோயில் ஒன்றின் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கின்றன. குடும்பத்தில் இதுவரை யாரும் வந்து பார்த்ததில்லை. அதைப் பார்க்கத்தான் தனியாகக் கிளம்பி வந்திருந்தார். வந்த முதல் இரண்டு நாளும் நல்ல மழை, வெளியே போக முடியவில்லை. மாடியில் உட்கார்ந்து தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொடுத்த சீரக வெந்நீரை விரும்பிக் குடித்தார். ஒரு நாளைக்கு நாலைந்து செம்பு போயிற்று.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. நானும் மொழிபெயர்க்கக் கூடவே போனேன். புல்லை விலக்கி, பாசியைச் சுரண்டி, கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை இரண்டு கல்லையும் காட்டினார். அம்மாள் மண்டியிட்டு உட்கார்ந்தார். கார் ஓட்டி வந்த அண்ணன் என்னிடம் மெல்ல, "என்ன வயசு போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணு, நாலு வயசு. மத்தது பதினோரு மாசம். காய்ச்சல்னு போட்டிருக்கு."

பக்கத்துக் கல்லைக் காட்டினார். அதுவும் ஒரு வெள்ளைக்காரக் குழந்தைதான். அடுத்ததும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "பாவம், எல்லாம் பிஞ்சு. அந்தக் காலத்துல ஆருக்கு என்ன தெரியும்?" என்றார். 

திரும்பி வரும் வழியில், ரோட்டோரம் பனையோலைப் பந்தலுக்குக் கீழே ஒருவர் நொங்கு சீவிக்கொண்டிருந்தார். அம்மாள் காரை நிறுத்தச் சொன்னார். தன் கொள்ளுப்பாட்டி ஊருக்கு எழுதிய பழைய கடிதம் ஒன்றில் இந்தப் பழத்தைப் பற்றி எழுதியிருக்கிறாளாம். கண்ணாடி போல இருக்கும், மூத்த பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்கும் என்று. அழுது சிவந்த கண்ணோடு, "ஒன்றே ஒன்று சாப்பிடட்டுமா?" என்று அவரிடம்தான் கேட்டார், என்னிடம் இல்லை.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்து அந்த மாதிரிக் கேள்விக்கு அவர் யோசித்ததே கிடையாது. பிறகு இறங்கிப் போனார். அரிவாளைத் தன் பாட்டில் வெந்நீரால் கழுவினார். நொங்குக்காரரின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். "எளவு, நொங்கு திங்கத்தான வந்தீரு, ஆப்பரேசனா பண்ணப் போறீரு?" என்றார் நொங்குக்காரர். முதல் நொங்கை இவர் தின்றார். கண்ணை மூடி நின்றார். அப்புறம் தலையை ஆட்டினார். அம்மாள் நாலு நொங்கு தின்றார். மோவாயில் சாறு வழிய, சின்னப் பிள்ளை போலச் சிரித்தார்.

மறுநாள் விடிகிற நேரத்தில் அம்மாள் என்னைக் கூப்பிட்ட குரலே சரியாக இல்லை. மேலே போனபோது எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். வாந்தியும் பேதியும். கண் உள்ளே போயிருந்தது. நான் போன் செய்து, அவர் வந்து, இருவருமாகத் தாங்கிப் பிடித்து நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஏழு மணி. அன்று மட்டும் கார் நாற்பதைத் தாண்டியது. ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது, வயசும் ஆகிவிட்டது, இரண்டு நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

"என்ன தண்ணி குடிச்சாங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன் அவர் பதில் சொன்னார். "வெந்நிதான் சார். தங்கச்சி வீட்டுல கொதிக்காத தண்ணி உள்ள வராது. அத நான் அடிச்சுச் சொல்லுவேன்."

"வெளிய ஏதாவது சாப்பிட்டாங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நொங்கு. நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

டாக்டர் எழுதிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் காலையில் சீரகம் போட்டு நான் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைப்பது உண்மை. ஆனால் கொதிக்கிற தண்ணீரை அப்படியே யாராவது விருந்தாளிக்குக் கொடுப்பார்களா? நாக்கு பொள்ளிப் போகாதா? எங்கள் அம்மா செய்வாள், மாமியார் செய்வாள், இந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளிலும் ஓட்டல்களிலும் செய்வார்கள்: ஒரு செம்பு பச்சைத் தண்ணீரை விட்டு விளாவிக் குடிக்கிற சூட்டுக்குக் கொண்டுவருவார்கள். என் கையும் அதையேதான் செய்தது. விளாவிய தண்ணீர் கிணற்றுத் தண்ணீர். மழையில் கிணறு கைக்கு எட்டுகிற மட்டும் ஏறி, கலங்கிக் கிடந்தது. கக்கூஸ் தொட்டி அங்கிருந்து எத்தனை எட்டு என்று அந்த நிமிஷம்தான் மனசுக்குள் அளந்து பார்த்தேன். கொதித்து ஆறிய தண்ணீர் என்று புத்தகத்தை வாசித்து அர்த்தம் சொன்னவளே நான்தான். ஆறிய என்ற சொல்லை வாயால் சொன்னேன், கையால் விளாவினேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாடி போய்விடும், மஸ்கட்டிலிருந்து என்ன கேள்வி வரும், சர்ச் சபையில் என்ன பேசுவார்கள், இதெல்லாம்தான் மனசில் ஓடியது. இன்னொருத்தி உயிருக்குப் போராடிக் கிடக்கும்போது இதெல்லாம் ஓடியது என்பதை இப்போது எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குக் குளிக்கப் போவார், திரும்பி வருவார். யார் போனாலும் வந்தாலும், "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு சரின்னு சொன்னேன்" என்பார். நர்சுகளிடம் சொன்னார். பக்கத்துப் படுக்கைக்காரரின் மகனிடம் சொன்னார். அம்மாளின் மகள் வெளிநாட்டிலிருந்து பேசியபோது, என் போனை வாங்கி, "சாரி மேடம். மை மிஸ்டேக்" என்று அவளிடமும் சொன்னார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அம்மாளின் சிறுநீரகம் தேறிவருவதாக டாக்டர் சொன்னார். அம்மாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். அப்பாடா என்று இருந்தது. எல்லாம் இப்படியே அமுங்கிப் போகும் என்றுகூட நினைத்தேன். மத்தியானம் காரை எடுத்துக்கொண்டு அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"கம்பெனியில இருந்து ஆளு வாறாரு, அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு. நடந்தத எழுதித் தரச் சொல்லுதாங்க. இனிமே வண்டி தர மாட்டாங்க போல. அது கிடக்கட்டும். நீ நல்ல இங்கிலீஷ்ல ஒண்ணு எழுது மக்கா. அந்த அம்மாக்க மக வாசிச்சாலும் விளங்கணும்."

தாளும் பேனாவும் எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். விருந்தாளி கேட்டார், நான் மறுத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை, தப்பு என்னுடையது. "நொங்கு வித்த ஆளு மேல குத்தம் இல்லன்னும் எழுது. அவன் கையக் கழுவச் சொன்னேன், கழுவினான்." எழுதினேன். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியவர் நிறுத்தினார்.

"இன்னும் ஒரு வரி போடு. அவங்க தங்கியிருந்த வீட்டுல தண்ணி சுத்தமான தண்ணின்னு. உன் பேருக்கு ஒண்ணும் வரப்பிடாது."

அதையும் எழுதினேன். நம்பினால் நம்புங்கள், அழகான கையெழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். அவர் தமிழில் கையெழுத்துப் போட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். கார் சத்தம் ரோட்டைத் தாண்டும் வரைதான் என்னால் உட்கார்ந்திருக்க முடிந்தது. அதற்குப் பிறகு முடியவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிப் போய் ஆட்டோ பிடித்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், அதே பெஞ்சில் இருந்தார். கம்பெனி ஆள் இன்னும் வந்திருக்கவில்லை. முன்னால் போய் நின்றேன். ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அண்ணே, அது நொங்கு இல்ல. என் தண்ணி. நான் கிணத்துத் தண்ணிய விட்டு விளாவித்தான் குடுத்தேன். மூணு நாளும்."

அவர் என்னைப் பார்த்தார். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"விளாவியா?"

"ஆமா. சூடு பொறுக்காதுன்னு. எப்பவும் அப்படித்தான் செய்யுதேன். டாக்டர் கேட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும்ணே. சொல்லல்ல."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான் விளாவுவா" என்றார் மெதுவாக. பிறகு அவர் முகத்தில் ஏதோ மாறியது. "அப்போ நொங்கு இல்லியா?"

"இல்லண்ணே."

"நொங்கு இல்ல!"

எழுந்தார். நேராக வார்டுக்குள்ளே போனார். நானும் பின்னால் ஓடினேன். அம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, இரண்டு கையையும் விரித்து, "மேடம்! நோ நொங்கு! நொங்கு குட்!" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் புரியாமல் அம்மாள் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். தண்ணீரைப் பற்றி, விளாவியதைப் பற்றி, மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததைப் பற்றி, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவ்வளவு கஷ்டமான மொழிபெயர்ப்பை நான் வேறெப்போதும் செய்ததில்லை.

 கேட்டு முடித்ததும் அம்மாள் தானும் ஒன்று சொல்ல வேண்டும் என்றார். கல்லறைத் தோட்டத்துக்குப் போவதற்கு முந்தின நாளே அவருக்கு வயிறு சரியில்லையாம். இவரிடம் சொன்னால் போகவிட மாட்டார் என்று பயந்து மறைத்துவிட்டாராம். அதை நான் தமிழில் சொன்னபோது அவர் திகைத்துப் போய் நின்றார். "என்னைப் பாத்தா பயந்தாங்க?" என்று என்னைத்தான் கேட்டார். அந்தக் கேள்வியை நான் அம்மாளுக்கு மொழிபெயர்க்கவில்லை.

ஐந்து மணிக்கு வந்த கம்பெனி ஆளிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்ததில் அது குடிக்க லாயக்கில்லை என்றுதான் வந்தது. அந்த வருஷம் முழுக்க என் மாடிக்கு அவர்கள் ஆள் அனுப்பவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு வண்டியை நிறுத்தவில்லை. கண்ணில் புரை விழுந்து அவராக நிறுத்தும் வரை ஓட்டினார். அந்த அம்மாளைத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றிவிட்டதும் அவர்தான். இதெல்லாம் பின்னால் நடந்தவை.

அன்று வார்டைவிட்டு வெளியே வந்ததும் நான் அதே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குனிந்து என் முகத்தைப் பார்த்தார். காரின் பின் இருக்கையில் இருப்பவர்களைப் பார்க்கிற அதே பார்வை.

"மூணு நாளா இத உள்ளயே வச்சிட்டா இருந்த? வயித்துக்கு ஆகுமா மக்கா? காலையில இருந்து என்ன சாப்பிட்ட?"

நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.